மாதிரி நோயாளி

ஜெயபாண்டி அவனியாபுரத்தில் பதினாறு வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். லாரி ஒன்று இடித்ததில் முழங்கால் சில்லு நொறுங்கி, பிரேக்கை மிதித்தாலே உயிர் போகிறது என்றான பிறகு ஆட்டோவை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அப்போது வயது நாற்பத்தொன்பது. திருநகரில் ஓர் ஆராய்ச்சி ஆபீஸில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவருடைய மனைவி தமிழ்வாணிதான் விசாரித்துக்கொண்டு வந்தாள். போய்க் கேட்டால், நோயாளியாக நடிக்கிற வேலை என்றார்கள். ஜெயபாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த ஆராய்ச்சியை நடத்தியவள் ரோகிணி. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அவள் சிரிக்கவில்லை.

"ஒரு டாக்டருக்கு எம்புட்டுத் தெரியும்னு பரீட்சை வச்சாக் கண்டுபிடிச்சிரலாம்ணே. தெரிஞ்சதைச் செய்யுறாரான்னு நோயாளியாப் போய் உக்காந்தாத்தான் தெரியும். அதுக்குத்தான் நீங்க" என்றாள்.

மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் நூற்றுக்கும் மேற்பட்ட டாக்டர்கள் இந்த ஆராய்ச்சிக்குச் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வருகிற ஆறு மாதத்துக்குள் என்றைக்காவது, நோயாளியாக நடிக்கிற 'மாதிரி நோயாளி' ஒருவர் வருவார். யார், எப்போது என்பது அவர்களுக்குத் தெரியாது. வந்த நோயாளி, டாக்டர் என்னென்ன கேட்டார், எங்கெங்கே தொட்டுப் பார்த்தார், என்ன மருந்து கொடுத்தார் என்று வெளியே வந்ததும் ஒரு படிவத்தில் பதிய வேண்டும்; அதை வைத்து டாக்டருக்கு மதிப்பெண் விழும். சிகிச்சையின் தரம் எங்கே ஓட்டை விடுகிறது என்று அதிலிருந்து கண்டுபிடித்து அரசாங்கத்துக்குச் சொல்வார்கள்.

மூன்று வாரம் பயிற்சி நடந்தது. ஜெயபாண்டிக்குக் கொடுத்த வியாதி மாரடைப்பு. காலையில் மாடிப்படி ஏறும்போது நடுநெஞ்சில் வலி, இடது கைக்கு இறங்கியது, வியர்த்துக் கொட்டியது. இவ்வளவுதான் பாடம். மற்றவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உருண்டார்கள். ஜெயபாண்டி உருளவில்லை. கையை முஷ்டியாக மடக்கி நெஞ்செலும்பின் மேல் லேசாக அழுத்திக்கொண்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போலத் தரையைப் பார்த்தார். பயிற்சி கொடுக்க வந்திருந்த டாக்டர் எழுந்தே விட்டார்.

"இதை எங்கய்யா கத்துக்கிட்டீங்க?"

"எங்கண்ணன் இப்படித்தான் சார் உக்காந்திருந்தாரு."

அண்ணன் நல்லகாமன் செத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு மத்தியானமே முடிந்துபோனார்.

அதே டாக்டர் இன்னொரு விஷயமும் சொன்னார். "பொம்பளைகளுக்கு எல்லா நேரமும் இப்படி நெஞ்சைப் பிடிச்சுட்டு வராது. முதுகு கடுக்கும், தாடை வலிக்கும், வாந்தி வரும், சும்மா அசதின்னு சொல்லுவாங்க. நம்ம ஆய்வுல அந்தக் கேஸ் கிடையாது. இருந்தாலும் தெரிஞ்சு வச்சுக்கங்க."

விதிகள் மூன்று. ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. மாத்திரை எதையும் விழுங்கக் கூடாது. தான் யாரென்று எந்த நிலையிலும் வெளியே சொல்லக் கூடாது.

நான்கு மாதத்தில் முப்பத்தேழு இடங்களுக்குப் போய் வந்தார் ஜெயபாண்டி. ஓர் இடத்தில் டாக்டர் போனில் பேசிக்கொண்டே சீட்டெழுதினார். இன்னோர் இடத்தில் வாயைத் திறக்குமுன்னே ஊசியை எடுத்துவிட்டார்கள். ரத்த அழுத்தம் பார்த்தவர்கள் பாதிப் பேர். ஈசிஜி எடுக்கச் சொன்னவர்கள் நாலே பேர். ஒவ்வொரு முறையும் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து ஆபீஸ் கொடுத்த டேப்லெட்டில் படிவத்தைத் திறந்து 'இல்லை', 'இல்லை' என்று தொட்டுக்கொண்டே வரும்போது அவருக்கு அண்ணன் ஞாபகம் வந்து கண் எரியும். ஆனாலும் இதை எழுதுகிறவன் ஒருவன் இருக்கிறானே என்பதில் ஒரு பெருமை இருந்தது. ஆட்டோ ஓட்டிய காலத்தில் தன் வேலையைப் பற்றி அவர் இப்படி நினைத்ததே இல்லை.

முப்பத்தெட்டாவது இடம் செக்கானூரணிக்கு மேற்கே ஒத்தப்புளிப்பட்டி. திங்கட்கிழமை, சந்தை நாள். மெயின் ரோட்டிலேயே ஒரு சின்னக் கிளினிக். ஹரிஷ்குமார் என்ற இளம் டாக்டர் மதுரையிலிருந்து தினமும் வந்து போகிறார் என்று ரோகிணி கொடுத்த தாளில் இருந்தது. ஜெயபாண்டி போனபோது துணைக்கு வந்தவர்களையும் சேர்த்து வாசலில் இருபது பேருக்கு மேல் காத்திருந்தார்கள். நர்ஸ் இசைவாணி டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பதினான்கு வந்தது. கருப்பையா என்று பெயர் சொன்னார். ஒரு போன் நம்பரும் சொன்னார். அந்த போன் திருநகர் ஆபீஸ் மேஜை டிராயரில் அணைத்துக் கிடப்பது.

கூட்டத்தைப் பார்த்து நர்ஸிடம் என்ன தொந்தரவு என்று உடனே சொல்லாமல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். சேலை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கையில் ஒன்பதாம் நம்பர்.

"என்ன தாயி செய்யுது?" என்று பேச்சுக்குக் கேட்டார்.

"விடியக்காலத்துலருந்து முதுகு கடுக்குதுண்ணே. இந்தத் தாடையெல்லாம் வலி. ஒரு வாய் கஞ்சி குடிச்சேன், குமட்டிக்கிட்டே வருது. ரெண்டு நாளாக் களையெடுப்பு. குனிஞ்சே கெடந்தா அசதி இருக்கத்தான செய்யும்? ஒரு ஊசியப் போட்டுட்டு ஓடிருவேன்."

அவள் பெயர் இருளாயி. தனியாக வந்திருந்தாள். ஒரே மகள் மீனா மதுரையில் ஜவுளிக்கடையில் வேலைக்குப் போய்விட்டிருந்தாள்.

ஜெயபாண்டிக்குள் என்னவோ உறுத்தியது. பயிற்சி டாக்டர் சொன்ன வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. முதுகு, தாடை, குமட்டல், அசதி. அவளை உற்றுப் பார்த்தார். களை எடுத்த அசதியாகவும் இருக்கலாம். இருபது பேரில் யாருக்குத்தான் அசதி இல்லை? தான் டாக்டரா என்ன, அச்சு அடித்த பாடத்தை ஒப்பிக்கிறவன்தானே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் எதிரில் வந்து நின்றாள்.

"உங்களுக்கு என்ன பண்ணுது?"

பாடம் தானாக வந்தது. "நெஞ்சு வலிக்குதும்மா. இந்தக் கையில இறங்குது." முஷ்டி நெஞ்சுக்குப் போனது. பார்வை தரைக்குப் போனது.

இசைவாணி அவர் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டாள். "அய்யய்யோ, இம்புட்டு நேரம் ஏன் சொல்லல? வாங்க, வாங்க உள்ள."

எழுந்தவர் ஒரு கணம் தயங்கினார். இருளாயி தன் காலை மடக்கி அவருக்கு வழிவிட்டாள்.

"நீங்க போங்கண்ணே. நெஞ்சுவலின்னா சும்மாவா? நான் உக்காந்திருக்கேன்."

ஹரிஷ்குமாருக்கு முப்பது வயதிருக்கும். உள்ளே இருந்த நோயாளியை அப்படியே வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எழுந்து வந்து ஜெயபாண்டியைத் தன் கையாலேயே பிடித்துப் படுக்க வைத்தார். எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் இருந்தது, நடந்தால் கூடுகிறதா, சர்க்கரை உண்டா, பீடி சிகரெட் உண்டா, வீட்டில் யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கிறதா? படிவத்தில் இருந்த கேள்வி ஒன்றுவிடாமல் அவர் வாயிலிருந்து வந்தது. இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் பார்த்தார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார். ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுத்து மென்று தின்னச் சொன்னார். ஜெயபாண்டி மெல்லுவது போலச் செய்து, பழகியபடியே கைக்குட்டையில் துப்பினார். டாக்டரே 108-க்குப் போன் போட்டார்.

"ஈசிஜி இப்ப நல்லாத்தான் இருக்கு. அதை வச்சு உங்களை விட முடியாது கருப்பையா அண்ணே. சில நேரம் முதல்ல காட்டாது. வண்டி வர முக்கால் மணி ஆகுமாம். அதுக்குள்ள இன்னொன்னு எடுத்துப் பாத்துருவோம். பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்."

சொன்னபடியே ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தேழு இடம் ஏறி இறங்கிய பிறகு இப்படி ஒருவர். எங்கள் அண்ணன் இந்தக் கையில் அகப்பட்டிருந்தால், என்று நினைத்தார். மனசுக்குள் படிவம் முழுக்க 'ஆம்', 'ஆம்' என்று விழுந்துகொண்டிருந்தது.

கால் மணி நேரம் போயிருக்கும். இசைவாணி கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"சார், ஒன்பதாம் நம்பர் அம்மா வாந்தி எடுக்குறாங்க."

"என்ன கம்ப்ளைண்ட்டு?"

"கைகால் அசதி, முதுகு வலின்னு சொன்னாங்க சார். வெயில்ல வேலை பாத்தது போல."

"பெஞ்சுல படுக்க வச்சுத் தண்ணி குடுங்க. இவருக்கு ரெண்டாவது ஈசிஜி எடுத்துட்டு உடனே பாக்குறேன்."

கதவு மூடியது. ஜெயபாண்டிக்கு இப்போது உண்மையாகவே வியர்த்தது. சார், எனக்கு ஒன்றுமில்லை, அந்தம்மாவைப் பாருங்கள். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வாய் வரைக்கும் வந்தது. எந்த நிலையிலும் சொல்லக் கூடாது என்ற விதி குறுக்கே நின்றது. விதி மட்டுமா? இந்த டாக்டருடைய நூறு மதிப்பெண் தன்னால் கெட்டுவிடக் கூடாதே என்ற எண்ணமும் இருந்தது. இன்னும் பத்து நிமிஷம், எடுத்து முடித்ததும் அவரே போய்ப் பார்த்துவிடுவார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கண்ணை மூடினார். அவர் வியர்ப்பதைப் பார்த்த டாக்டர் மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார்.

இரண்டாவது தாள் மெஷினிலிருந்து வந்துகொண்டிருந்தபோது வெளியே அலறல் கேட்டது.

இருளாயி பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் கிடந்தாள். ஹரிஷ்குமார் ஓடிப்போய் முட்டிபோட்டு அவள் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். எண்ணிக்கொண்டே அழுத்தினார். நர்ஸ் மாற்றி அழுத்தினாள். மறுபடி அவர். ஜெயபாண்டி நெஞ்சில் ஒட்டிய ஒயர்களைத் தானே பிய்த்தெறிந்துவிட்டு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்காக அழைத்த ஆம்புலன்ஸ் வந்தபோது அதில் இருளாயியை ஏற்றினார்கள். டாக்டரும் அழுத்துவதை நிறுத்தாமல் அதிலேயே ஏறினார். கதவைச் சாத்துமுன் திரும்பி, "இசை, கருப்பையா அண்ணனுக்கு வேற வண்டி சொல்லு. அவரைத் தனியா விட்டுராத" என்று கத்தினார்.

மச்சான் பைக் கொண்டு வருகிறான், அவனோடு பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுகிறேன் என்று நர்ஸிடம் பொய் சொல்லிவிட்டு ஜெயபாண்டி நடந்தார். செக்கானூரணி வருமுன்பே இருளாயிக்கு உயிர் போய்விட்டது என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் படிவத்தை அனுப்பியாக வேண்டும். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் தொட்டார். கணக்குப் போட்ட டேப்லெட் நூறு என்று காட்டியது. கடைசியில் 'வேறு குறிப்புகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. எல்லா நாளும் வெறுமையாக விடுகிற கட்டம். அதில் எழுதினார்: 'என்னால் ஒரு அம்மா இறந்துவிட்டார்.'

இரவு சாப்பாடு இறங்கவில்லை. தமிழ்வாணியிடம் சொன்னார். அவள் தட்டை எடுத்து வைத்துவிட்டு, "நீங்க அந்தம்மாவுக்கு ஒன்னும் பண்ணலையே" என்றாள்.

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒன்னும் பண்ணல" என்றார்.

ரோகிணி மறுநாளே அவரை வரச் சொன்னாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. நடந்ததை முழுக்க வாங்கி எழுதி, ஆராய்ச்சிகளைக் கண்காணிக்கிற குழுவுக்கு அனுப்பினாள். குழு இரண்டு வாரம் வேலையை நிறுத்தி வைத்தது. பிறகு தீர்மானம் வந்தது. அந்தப் பெண் வரிசையில்தான் காத்திருந்தார். மாதிரி நோயாளி இல்லாவிட்டாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. இனிமேல் பத்துப் பேருக்கு மேல் காத்திருந்தால் மாதிரி நோயாளி திரும்பிவிட வேண்டும். டாக்டர்களுக்கு ஆய்வு முடியும்வரை எதையும் சொல்லக் கூடாது, சொன்னால் மற்றவர்களும் உஷாராகிவிடுவார்கள்.

"அந்த டாக்டருக்காவது சொல்லுங்கம்மா" என்று கெஞ்சினார் ஜெயபாண்டி.

"நானும் கேட்டேண்ணே. மேல ஒத்துக்கல."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

ரோகிணி டிராயரைத் திறந்து, கருப்பையா என்று சொல்லி அவர் கொடுத்த நம்பருடைய போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "நேத்துத்தான் ஆன் பண்ணிப் பாத்தேன். அந்த டாக்டர் கூப்பிட்டதா இருபத்தி மூணு மெசேஜ் வந்து நிக்குது."

அதற்குள் ஒத்தப்புளிப்பட்டியில் காரியம் கைமீறிப் போயிருந்தது. ஒன்பதாம் நம்பரை உட்கார வைத்துவிட்டுப் பதினாலாம் நம்பருக்கு ஒரு மணி நேரம் வைத்தியம் பார்த்த டாக்டர் என்று ஊருக்குள் பேச்சு. இருளாயியின் தம்பி கருப்பு ஆட்களைத் திரட்டிப் போய்க் கிளினிக் கண்ணாடியை உடைத்தான். ஈசிஜி மெஷினை ரோட்டில் போட்டு மிதித்தார்கள். போலீஸில் புகாரும் கொடுத்தார்கள். ஹரிஷ்குமார் வருவதை நிறுத்திவிட்டார். யாரோ எடுத்த வீடியோ ஜெயபாண்டியின் போனுக்கும் வந்தது. அதை அவர் இரண்டு முறை பார்த்தார். மூன்றாம் முறை பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

டாக்டர் வீடு ஆனையூரில் என்று விசாரித்துக்கொண்டு போனார். கதவைத் திறந்த அம்மா சூடாமணி, சந்தேகமாகப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பித் தமிழல்லாத தங்கள் வீட்டுப் பேச்சில் மகனிடம் என்னவோ கேட்டார். ஹரிஷ்குமார் வாசலுக்கு வந்தார். இளைத்திருந்தார். ஜெயபாண்டியைக் கண்டதும் அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

"கருப்பையா அண்ணே! உயிரோட இருக்கீங்களா? அன்னைக்கு ராத்திரிலருந்து உங்க நம்பருக்கு அடிச்சுக்கிட்டே இருந்தேன். பெரியாஸ்பத்திரில போய்க் கேட்டா அப்படி யாரும் அட்மிட் ஆகலைங்கிறாங்க. நீங்களும் போயிட்டீங்கன்னே நினைச்சேன்."

அந்தச் சந்தோஷத்தைத் தாங்க முடியாமல் ஜெயபாண்டி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நின்றபடியே சொல்லி முடித்தார். பெயர் பொய், வலி பொய், நம்பர் பொய். அன்றைக்குப் படுக்கையில் கிடந்தபடி சொல்ல நினைத்ததையும் சொன்னார், சொல்லாமல் விட்டதையும் சொன்னார்.

ஹரிஷ்குமார் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கையெழுத்துப் போட்டது நான்தான். யாராவது இருமிக்கிட்டு வருவாங்கன்னு நினைச்சேன்." பிறகு கேட்டார்: "அந்தம்மா உங்ககிட்ட தாடை வலிக்குதுன்னு சொன்னாங்களா?"

"சொன்னுச்சு சார்."

"என்கிட்ட வந்து சேர்ந்தது அசதிங்கிற வார்த்தை மட்டும்தான்." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "நான் எந்திரிச்சுப் போய்ப் பாத்திருக்கணும். உங்க மேல மட்டும் பழி போட்டா எனக்கு நிம்மதியா இருக்கும். முடியல. நீங்க போங்க."

ஜெயபாண்டி வீட்டுக்குப் போகவில்லை. ராத்திரி முழுக்க பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, விடிந்ததும் ஒத்தப்புளிப்பட்டிக்கு பஸ் ஏறினார். இருளாயியின் வீட்டு வாசலில் மகள் மீனாவிடமும் கருப்புவிடமும் ஆரம்பத்திலிருந்து சொன்னார். நடிப்பு என்ற வார்த்தை வந்ததும் கருப்பு பாய்ந்து வந்து அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அடுத்த அடிக்குக் கையை ஓங்கியவனை மீனா தடுத்தாள்.

"விடுங்க மாமா. அவரு சொல்லி முடிக்கட்டும்."

அவளுக்கு இருபத்திரண்டு வயது. அழுது முடித்துக் காய்ந்துபோன முகம். அம்மா என்ன பேசினாள், எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், தண்ணீர் கேட்டாளா என்றெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில், "எங்கம்மாவுக்கு என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சா?" என்றாள்.

"சந்தேகமா இருந்துச்சு தாயி."

"சந்தேகப்பட்டுட்டும் சும்மா படுத்திருந்தீங்க."

"ஆமா."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெயபாண்டி பஸ் நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்றிருப்பார். மீனா செருப்புப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஸ்டேஷனுக்கு வாங்க. டாக்டர் மேல குடுத்த புகார்ல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப சொன்னதை அங்க வந்து அப்படியே எழுதிக் குடுங்க. உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்கிறாதீங்க."

சொந்தப் பெயரில் நாலு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரகசியத்தை வெளியிட்டதற்காக வேலை போனது. வேலையை விட்டு நீக்கிய கடிதத்தில் ரோகிணிதான் கையெழுத்துப் போட்டிருந்தாள். அடுத்த மாதம் அவளும் அந்த வேலையை விட்டுவிட்டாள். புகாரை மீனா திரும்பப் பெற்றாள். கருப்பு அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். இசைவாணி திருமங்கலத்தில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தாள். ஹரிஷ்குமார் மதுரையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் சம்பளத்துக்குப் போய்விட்டார். ஒத்தப்புளிப்பட்டியிலிருந்து நாலு பேர் போய்க் கூப்பிட்டும் வரவில்லை.

ஆய்வு அறிக்கை அடுத்த வருஷம் வந்தது. மாதிரி நோயாளிகளின் விதிகளில் நான்காவதாக ஒன்று சேர்த்திருந்தார்கள்: அருகில் உள்ளவர் உயிருக்கு ஆபத்து என்று பட்டால் உடனே தான் யாரென்று சொல்லிவிட வேண்டும். ஏன் சேர்த்தார்கள் என்று அறிக்கையில் இல்லை. மேற்குப் பகுதியில் ஒரே ஒரு கிளினிக் மட்டும் முழு மதிப்பெண் பெற்றதாக ஓர் அட்டவணையில் இருந்தது. அறிக்கை அச்சானபோது அந்தக் கட்டடத்தில் உரக்கடை நடந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை சந்தைக்கு வருகிறவர்கள் உடம்புக்கு ஏதாவது என்றால், படிப்பு எதுவும் இல்லாமல் ஊசி போடுகிற ஒருவரிடம் போய்க்கொண்டிருக்கிறார்கள். அங்கே டோக்கன் கிடையாது, அதிக நேரமும் காத்திருக்க வேண்டியதில்லை.